ஏழு சுரம், நாலு தோள்

ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு பழைய மிளகாய்க் கிடங்கு இருந்தது. மூட்டை உருட்ட வசதியாக அதற்குப் படியே கிடையாது. பிறகு அங்கே கலை வந்தது. கலையோடு படியும் வந்தது.

கிடங்கை வெள்ளையடித்து 'அனைவர் கலைக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே புதிதாக ஒரு மேடை கட்டினார்கள். மேடைக்கு ஏழு படி. கருங்கல்லில் இழைத்தது. ஒவ்வொரு படியின் முகத்திலும் ஒரு பித்தளை எழுத்து: ச, ரி, க, ம, ப, த, நி. இயக்குநர் நீலமேகத்தின் யோசனை. கலைஞன் மேடை ஏறும்போதே ஆரோகணம் நிகழ்ந்துவிட வேண்டும் என்பார். அவர் தினமும் அடையாறிலிருந்து காரில் வருவார். மின்ட் தெருவைத் தாண்டியதும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். மக்கள் கலையின் மணம் அவ்வளவு கடுமையானது.

அந்தக் கூடத்தின் விழா மேடையில் பாடத்தான் ரமாபாய்க்கு அழைப்பு வந்தது.

ரமாபாய் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் தரைத்தளத்தில் இருக்கிறாள். பதினெட்டு வயதில், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு போயிற்று. குரல் போகவில்லை. சாவு வீடுகளில் பாட ஆரம்பித்தாள். மரண கானா. பொம்பளை பாடுவதா என்று முதலில் கேட்டவர்கள், பிறகு அவளுக்காகப் பிணத்தை இரண்டு மணி நேரம் தாமதித்தும் எடுத்தார்கள். சாவு வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் அவளுடைய சக்கர நாற்காலி அங்கே யாருக்கும் உறுத்தியதில்லை.

மேடையில் மட்டும் அவள் பாடியது கிடையாது. கோயில் விழா, கட்சிக் கூட்டம், கல்லூரி ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் படி இருந்தது. கூட வந்தவர்கள் மேலே ஏறிப் பாடினார்கள். அவள் கீழே சவுண்டு பாக்ஸ் பக்கத்தில் இருந்துகொண்டு கோரஸ் கொடுத்தாள். ஒரு தடவையாவது மேலே இருந்து பாட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

டோலக் வாசிக்கும் ஜெரியிடம் சொன்னாள். ஜெரி காசிமேட்டில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன்.

"அனைவர்னு பேர்லயே கீதுடா. நம்மளும் அதுல வந்துருவோம்ல?"

"பேரு இன்னா வேணா இருக்கட்டும் யக்கா. படி கீதான்னு கேட்டியா?"

அவள் கேட்கவில்லை.

முதலில் ஓர் ஆலோசனைக் கூட்டம். தலைப்பு: தடையற்ற கலை. இடம்: முதல் மாடி.

வாசலில் மோகனப்ரியா காத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பதவி, உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர். யாரை உள்ளே அடக்குவது, எப்படி ஒருங்கிணைப்பது என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. பாவம், நல்ல பெண்.

"லிப்ட் ரெடியா இருக்குக்கா. ஆனா திறக்கலை."

"கதவு தொறக்காதா?"

"கதவு திறக்கும்க்கா. திறப்பு விழாதான் நடக்கலை. ஏற்கெனவே ஒருத்தர் போயிட்டார்னா அப்புறம் வர்ற வி.ஐ.பி. எதைத் திறப்பார்னு சார் கேக்கறார்."

லிப்ட் வாசலில் சிவப்பு ரிப்பன் தொங்கியது. உள்ளே விளக்கெரிந்தது. மெல்லிய வீணை இசை ஓடிக்கொண்டிருந்தது. லிப்ட் வரைக்கும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள்.

கடைசியில் ரமாபாய் கீழேயிருந்து போனில் கலந்துகொண்டாள். மாடியில் மேசை மீது ஸ்பீக்கரில் அவளை வைத்தார்கள். நீலமேகம் முக்கால் மணி நேரம் பேசினார்.

"நண்பர்களே, தடை என்பது கல்லில் இல்லை, மண்ணில் இல்லை. தடை நம் மனத்தில் இருக்கிறது."

"சார், எனக்கு லிப்ட்டாண்ட கீது," என்றது மேசை.

மேலே கைதட்டினார்கள். எளிய மக்களின் நகைச்சுவை உணர்வைப் பற்றி நீலமேகம் இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

அடுத்த வாரம் ஊழியர்களுக்கு உணர்திறன் முகாம். ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரம் உருண்டு, மாற்றுத்திறனாளியின் வலியை உணர வேண்டும். முகாமைக் கீழ்த்தளத்தில்தான் நடத்த முடிந்தது. சக்கர நாற்காலிகளை மாடிக்கு ஏற்ற வழியில்லை. இதில் யாருக்கும் எதுவும் உணர்வாகவில்லை. கணக்கர் ஒருவர் மட்டும் அழுதார். அவர் விரல் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

முகாம் முடிந்ததும் ரமாபாய் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சார், மேடைக்கு ரெண்டு பலகை போட்டா போதும். ஐஸ் பெட்டிய லாரில ஏத்தறதுக்கு நீளமா பலகை வெச்சிருப்பாங்க. ஜெரி கொண்டாருவான். அது மேல வெச்சி பின்னால ஒரு ஆளு தள்ளினா நான் மேல பூடுவேன்."

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மரபு பேசப் போகிறது என்று அர்த்தம்.

"அம்மா, நீங்கள் கேட்பது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஏழு சுரங்களின் மேல் பலகை போடுவது சங்கீதத்தின் வாயைப் பொத்துவதற்குச் சமம். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். அதற்காக உங்களைக் கைவிட மாட்டோம். நான்கு பேர் உங்களை நாற்காலியோடு அப்படியே தூக்கி மேடையில் வைப்பார்கள். சமூகம் கலையைத் தோளில் சுமக்கும் காட்சி. அதைப் பார்க்க ஊடகம் முழுவதும் வரும்."

"தூக்கறதெல்லாம் வேணாம் சார்."

"ஏன்? கூச்சமா?"

"தள்ளினா வண்டி சார். தூக்கினா பொணம். எங்க பக்கம் நாலு பேரு தூக்கறது ஒரே ஒரு வாட்டிதான். அதுக்குப் பாடறவளே நானு. எனக்கு நானே பாடிக்க முடியுமா?"

"ஆகா," என்றார் நீலமேகம். "மோகனப்ரியா, இந்த வரியை விழா மலரில் போடுங்கள்."

போட்டார்கள். நால்வரையும் நியமித்தார்கள்.

நால்வரும் மீன்பிடித் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள். அவர்களுக்கு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். மார்பில் 'நானே அணுகல்' என்று அச்சடித்திருந்தது. தூக்குவது எப்படி என்று சொல்லித்தர பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் விமானத்தில் வந்தார். ரமாபாய் ஒத்திகைக்கு உட்கார மறுத்துவிட்டதால் நீலமேகமே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நால்வரும் அவரைத் தூக்கி ஏழு படியும் ஏறி இறங்கினார்கள். முதல் தடவை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். இரண்டாம் தடவை கையை எடுத்தார். மூன்றாம் தடவை கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நாலாம் தடவை புகைப்படம் சரியாக வரவில்லை என்று அவரே சொன்னார். மறுநாளும் ஒத்திகை இருந்தது.

"யக்கா, அந்தாளுக்கு இது பிடிச்சிப் போச்சி," என்றான் ஜெரி. "தொட்டில்ல போட்ட கொழந்த மாரி கீறாரு."

"நான் வர மாட்டேன்னு சொல்லிடட்டுமா?"

"நீ சொன்னா, அவ வர மாட்டேன்னுட்டா, நாங்க கூப்டோம்னு மலர்ல போடுவாங்க. போவோம். பலகைய நான் வண்டில போட்டுகினு வரேன். அன்னிக்கு ஜனங்க முன்னால இன்னா சொல்றாருன்னு பாப்போம்."

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நீலமேகமே போன் செய்தார்.

"அம்மா, பாடல் மரண கானாவாகத்தான் இருக்க வேண்டும். அது இந்த மண்ணின் அடையாளம். ஆனால் சாவு, பிணம், சுடுகாடு, பாடை போன்ற சொற்கள் வேண்டாம். சுப நிகழ்ச்சி."

"சரி சார். யாருக்குப் பாடணும்?"

"யாருக்கென்று இல்லை. பொதுவாக."

ரமாபாய்க்கு அது புரியவில்லை. பொதுவாக யாரும் செத்து அவள் பார்த்ததில்லை. போன மாதம் திருவொற்றியூரில் ஒரு வீடு. சின்ன வயசுப் பெண் பிரீசர் பாக்ஸில் இருந்தாள். புருஷன் சுவரோரம் நின்றான். அழவில்லை, யாரோடும் பேசவில்லை. உன் சம்சாரம் எப்படி இருப்பாங்க, எதனா சொல்லு நைனா என்று ரமாபாய் கேட்டாள். வெகு நேரம் கழித்து, டீயை ஆற வைத்துத்தான் குடிப்பாள் என்றான். அவ்வளவுதான் கிடைத்தது. அது போதுமாக இருந்தது.

டீய ஆற வச்சிக் குடிக்கிற பொண்ணே
நீ ஆறிப் போனியேடி கண்ணே

இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அது அந்தப் பெண்ணுக்கான பாட்டு. வேறு யாருக்கும் அதைப் பாட முடியாது.

"ஆளு இல்லாம இந்தப் பாட்டு வராது சார். பேரு வேணும்."

"பெயர்தானே? நானே சொல்ல இருந்தேன். கூடத்தின் பெயரும் என் பெயரும் பாட்டில் வர வேண்டும்."

ரமாபாய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"சார், இதுல பேரு வர்றது செத்துப்போனவங்களோடதுதான்."

"மரபைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் அம்மா. இரங்கற்கலை குறித்து முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன். பெயர் சொல்லிப் பாடுவது பாடாண் மரபு. புரவலனுக்குச் செய்யும் சிறப்பு."

"மெய்யாலுமே வேணுமா சார்?"

"தெளிவாக. மூன்று தடவையாவது."

விழா நாளில் கூடம் நிறைந்திருந்தது. பார்வையற்றோருக்காக பிரெயிலில் அடித்த அழைப்பிதழை, அழுக்குப் படாமல் இருக்கக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள். பார்வையற்ற ஒருவர் கண்ணாடியை வெகு நேரம் தடவிவிட்டு, வழுவழுப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். சைகை மொழிபெயர்ப்பாளர் மேடைக் காட்சியைக் கெடுக்கிறார் என்று திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார். அங்கே நின்றபடியே அவர் எல்லாப் பேச்சையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

ஜெரியின் வண்டியை வாசலில் காவலாளி மறித்தார்.

"ஆளு போலாம். பலகை போவக் கூடாது. மீனு நாத்தம் அடிக்குதுன்னு மேலிடத்து உத்தரவு."

"இதே பலகைலதான் உங்க ஆபீசரு வாங்கற வஞ்சிரமும் லாரி ஏறுது," என்றான் ஜெரி. "அப்போ நாத்தம் வரலியா?"

பலகைகள் வெளியே வண்டியிலேயே கிடந்தன. மோகனப்ரியா நீலமேகத்திடம் ஓடினாள். முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். நீலமேகம் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றியிருக்க வேண்டும்.

மஞ்சள் பனியன் நால்வரும் ரமாபாயைச் சூழ்ந்தார்கள். அவர்களுக்கே சங்கடம்.

"தூக்கட்டுமா யக்கா?"

"என் மேல கைய வெச்ச, தலைல கொட்டுவேன். தள்ளி நில்லு."

தள்ளி நின்றார்கள். ரமாபாய் முதல் வரிசைக்கு முன்னால், படிக்குக் கீழே, 'ச'வுக்கு எதிரே இருந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். சக்கரத்தில் கையும் வைத்துவிட்டாள்.

அப்போது காசிமேட்டில் மீன் விற்கும் முத்தம்மா தன் கூட்டத்தோடு உள்ளே வந்தாள். வந்தவள் மேடையைப் பார்த்ததும் நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கூட வந்த பெண்களும் கழற்றினார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முத்தம்மா ரமாபாய் பக்கத்தில் குனிந்து காதோடு கேட்டாள்.

"எப்போ எடுக்கறாங்க?"

ரமாபாய் மேடையை அண்ணாந்து பார்த்தாள். நடுவில் உயரமான நாற்காலி. அதில் நீலமேகம், கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை, கண்ணை லேசாக மூடியபடி. ஒரு பக்கம் குத்துவிளக்கு. ஒரு பக்கம் ஊதுவத்தி. பின்னால் ஆளைவிடப் பெரிய பிளெக்ஸ். அதிலும் நீலமேகம், சிரித்துக்கொண்டு. கீழே பூ தூவியிருந்தது.

பதினாறு வருஷமாக அவள் பார்த்துவரும் காட்சி அது. இறந்தவர் மேலே உட்கார்ந்திருப்பார். பாடுகிறவள் கீழே இருப்பாள். எதுவும் மாறியிருக்கவில்லை.

சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள்.

"டேய் ஜெரி. மைக்க இங்க கொண்டாரச் சொல்லு. நான் கீழேந்தே பாடறேன்."

"யக்கா, நீ மேல போவணும்னுதானே..."

"செத்தவங்கள அனுப்பிட்டுத்தான் மத்ததெல்லாம். டோலக்க எட்றா."

ஜெரி ஒரு தடவை மேடையைப் பார்த்தான். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு டோலக்கை மடியில் வைத்தான். மோகனப்ரியாவே மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் மேலே ஒரு முறை பார்த்தாள்.

ரமாபாய் பாடினாள்.

ஏழு படி கட்டி வச்ச எங்க நீலமேகம்
எட்டாம் படி ஏறிப்போனது இன்னா இந்த வேகம்
அனைவர் கூடம் ஆளில்லாம அழுவுதிப்போ பாரு
அடையாறு போவ ஏசி போட்டுக் காத்துகினு கீது காரு

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சாவு இல்லை, பிணம் இல்லை. சொன்னபடி பெயர் மட்டும் வந்தது. முத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு நீலமேகம் யாரென்று தெரியாது. அந்தப் பாட்டு கேட்டால் அழுகை வரும், அவ்வளவுதான். பின்வரிசைப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். மக்கள் இவ்வளவு நெகிழ்வார்கள் என்று நீலமேகம் எதிர்பார்க்கவில்லை. மேலேயிருந்து கைகூப்பினார்.

ரெண்டு பலக கேட்டதுக்கு இல்லனு போனாரு
நாலு தோளு வேணுமுன்னு அவரே சொன்னாரு
நாலு தோளும் ரெடியாச்சி எங்க நீலமேகம்
நல்லபடி போய்வாய்யா தீரட்டும் உன் தாகம்

விசில் பறந்தது. தலைமை விருந்தினரின் உதவியாளர் குனிந்தபடி ஓடி வந்தார்.

"ஐயா பேரும் ஒரு தடவை வரணும்னு பிரியப்படறார்."

"அவரும் வரிசைலதான் கீறாரு," என்றாள் ரமாபாய், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. "அவசரம் இல்லனு சொல்லுங்க."

மூன்றாவது தடவையும் பெயர் வந்தது. டோலக் நின்றது.

மஞ்சள் பனியன் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கை காட்டினால் தூக்க வேண்டும் என்பது பயிற்சி. பாட்டு முடிந்தால் தூக்க வேண்டும் என்பது பிறந்து வளர்ந்த பழக்கம். இரண்டு நாளாக அவர்கள் தூக்கிப் பழகியதும் ஒரே ஆளைத்தான். நால்வரும் ஏழு படி ஏறினார்கள். நாற்காலியின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். நாற்காலி எழுந்தது.

நீலமேகத்துக்கு ஒரு கணம் குழப்பம். பிறகு முகம் மலர்ந்தது. ஒத்திகையில் செய்தது போலவே கையை எடுத்துக் கும்பிட்டார். நி, த, ப, ம என்று அவரோகணம் நடந்தது. ஜெரி டோலக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் போனான். கூடத்திலிருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து பின்னால் போனார்கள். வழியில் மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜாவை யாரோ பொறுக்கி முன்னால் வீசினார்கள். கேமராக்காரர்கள் பின்னோக்கி நடந்தபடி படமெடுத்தார்கள். தலைமை விருந்தினரும் நடந்தார். தன்னை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று அவருக்கு லேசான வருத்தம். காவலாளி தொப்பியைக் கழற்றி, கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவிட்டு, தானும் கூட நடந்தார்.

"போதும், இறக்குங்கள்," என்று நீலமேகம் சொன்னது தெருவில் கேட்டதாகச் சொல்கிறார்கள். தெருவில் இறக்குவது பயிற்சியில் இல்லை. அதற்கு நிபுணர் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. டோலக் சத்தம் கல்மண்டபம் பக்கம் தேய்ந்து போனது.

எடுத்துக்கொண்டு போகும்போது பெண்கள் கூடப் போவதில்லை. வாசலோடு நின்றுவிடுவார்கள். அப்படியே நின்றார்கள். முத்தம்மா கண்ணைத் துடைத்தாள். மூக்கைச் சிந்தினாள். தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கற, பலகைய எட்த்தா. ஒரு பக்கம் நீ பிடி."

மறிக்க யாரும் இல்லை. பெண்கள் இரண்டு பலகையையும் கொண்டுவந்து படிகளின் மேல் சாய்த்தார்கள். ஏழு பித்தளை எழுத்தும் அதற்கடியில் போயின. சங்கீதம் ஒன்றும் சொல்லவில்லை. சரிவு செங்குத்தாக இருந்தது. முத்தம்மா பின்னால் தோள் கொடுத்தாள். இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். மோகனப்ரியா நாற்காலியைத் தூக்குவதற்கு முன்புறம் குனிந்தாள்.

"தூக்காதம்மா," என்றாள் ரமாபாய். "பின்னால வந்து தள்ளு."

மோகனப்ரியா பின்னால் போய்த் தள்ளினாள்.

ரமாபாய் மேலே வந்தாள். மேடை அவள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எல்லோர் முகமும் தெரிந்தது. கீழேயிருந்து அவளுக்கு முதல் வரிசை முழங்கால்கள்தான் தெரியும். தள்ளிவிட்டுக் கீழே இறங்கி நின்ற முத்தம்மாவுக்கு நெற்றியில் ஒரு தழும்பு இருப்பதை இன்றுதான் பார்த்தாள்.

"பாடுங்கக்கா," என்றாள் மோகனப்ரியா, மைக்கை நீட்டியபடி.

"இப்போ பாடக் கூடாதும்மா."

"ஏன்க்கா?"

"எடுத்த எடம். தண்ணி ஊத்திக் கழுவாம அங்க எதுவும் செய்ய மாட்டோம். சாவுக்குப் பாடினது முடிஞ்சிது. இப்போ பாடப்போறது வேற."

மோகனப்ரியா சுற்றிலும் பார்த்தாள். குழாய் முதல் மாடியில் இருந்தது. சிறப்பு விருந்தினர் மேசையில் வெள்ளைத் துணி மேல் ஆறு தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக, மூடி திறக்காமல் நின்றன. ஒவ்வொன்றிலும் கலைக்கூடத்தின் முத்திரை ஒட்டியிருந்தது. அவள் முதல் பாட்டிலைத் திறந்தாள். சிறிது தயங்கினாள். பிறகு நீலமேகத்தின் நாற்காலி இருந்த இடத்தில் கவிழ்த்து ஊற்றினாள். அடுத்தடுத்து ஆறையும் ஊற்றினாள். ரோஜா இதழ்களோடு தண்ணீர் பலகைக்கு அடியில் புகுந்து படிப்படியாக இறங்கியது.

தரை காயும்வரை ரமாபாய் காத்திருக்கவில்லை. ஈரத்தில் சக்கரம் கோடு போட, நடுவுக்கு வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.